கள்வன் வளர்த்த காடு

உயர்ந்த மலை ஒன்றின்மேல் ஏறிச் செல்பவர், ஓரிடத்திற்கு மேல் மரங்கள் நின்றுவிடுவதைக் காண்பார். அதுவரை அடர்ந்திருந்த காடு மெல்ல மெல்லக் குட்டையாகி, மரத்துக்கு மரம் இடைவெளி மிகுந்து, முடிவில் புல்லும் பாறையும் பனியுமே எஞ்சும். தாவர நூலார் இதனை மரவரம்பு என்பர். மாரிக்காலக் குளிரைக் காட்டிலும் வேனிற்கால வெப்பத்தின் குறைவே இவ்வரம்பை வகுக்கிறது. புதிய தளிரும் புதிய மரநாரும் உண்டாவதற்கு வேண்டிய வெப்பம் ஆண்டில் சில வாரங்களேனும் கிடைத்தாலன்றி மரம் வாழ்வதில்லை.

ஐரோப்பாவின் நடுவே கிடக்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இந்த வரம்பை ஒட்டி நிற்கும் ஊசியிலை மரம் ஒன்று உண்டு. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் அதற்குப் பைனஸ் செம்ப்ரா என்று பெயரிட்டார். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் மக்கள் ஆர்வே என்றும், ஆஸ்திரியர் சிர்பே என்றும் அதனை அழைப்பர். நாம் செம்ப்ரா மரம் என்றே வழங்குவோம். அம்மரத்தின் வரலாற்றுக்குள், தவறாக வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பின் வரலாறும் அடங்கியிருக்கிறது. அதனையே இங்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் மரத்தை அறிந்துகொள்வோம். ஆல்ப்ஸ் மலையிலும், கிழக்கே கார்ப்பேத்திய மலைகளின் சில பகுதிகளிலும் இது இயற்கையாக வளர்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1,500 மீட்டர் முதல் 2,300 மீட்டர் வரையிலான உயரமே இதன் தாயகம் எனலாம். சில இடங்களில் அதற்கு மேலும் காணப்படும். ஊசிகள் ஐந்தைந்தாக ஒரு கொத்தில் அமைந்திருக்கும். பூச்சியத்துக்குக் கீழ் 40 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கவல்லது. ஆனால் இந்த வன்மைக்கு அது கொடுக்கும் விலை மிகப் பெரிது. வேனில் குறுகியதாதலின் வளர்ச்சி மிக மெதுவானது. முப்பது ஆண்டு வயதுடைய மரம் ஒன்று நம் மார்பளவு உயரமே இருக்கக்கூடும். முழு வளர்ச்சி பெற்றபின் ஏறக்குறைய இருபத்தைந்து மீட்டர் உயரம் நிற்கும். பல நூறு ஆண்டுகள் வாழும். இடி விழுந்து, தலை முறிந்து, ஒரு பக்கம் பட்டுப்போன நிலையிலும் மறுபக்கத்தில் பசுமை காத்து நிற்கும் கிழமரங்களை அம்மலைகளில் இன்றும் காணலாம்.

இம்மரம் அங்கு நேற்று வந்ததன்று. பனியூழி முடிந்து, ஆல்ப்ஸ் மலையை மூடியிருந்த பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது, வெற்று நிலத்தில் குடியேறிய மரங்களுள் இதுவும் ஒன்று. பழங்காலச் செம்ப்ரா மரங்களின் தண்டுகள் சேற்று நிலங்களிலும், பனியாறுகள் உருகி விலகிய இடங்களிலும் கிடைத்து வருகின்றன. இன்று பனியாறு கிடக்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் காடு இருந்தது என்பதற்கு அவை சான்று. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரத்து ஆராய்ச்சியாளர் நிக்கொலுஸ்ஸியும் அவருடைய தோழர்களும், இத்தண்டுகளின் ஆண்டு வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி, 9,111 ஆண்டுகளுக்கு அறுபடாத வளையக் கணக்கு ஒன்றை 2009-இல் வெளியிட்டனர். அதற்கு உதவிய மரங்களுள் முதலிடம் செம்ப்ராவுக்கு உரியது. எந்த ஆண்டின் வேனில் வெம்மையாக இருந்தது, எந்த ஆண்டில் குளிர்ந்திருந்தது என்பதை அவ்வளையங்கள் கூறுகின்றன. அரசர்களின் ஆண்டுக் குறிப்புகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மரம் தன் குறிப்பேட்டை எழுதத் தொடங்கிவிட்டது.

அத்தகைய காட்டுக்கு மனிதனால் நேர்ந்தது என்ன? மரவரம்புக்கு மேலே உள்ள புல்வெளிகளில் ஆடுமாடு மேய்க்கும் வழக்கம் ஆல்ப்ஸ் மலையில் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே தோன்றியது. மேய்ச்சல் நிலம் போதாதபோது இடையர்கள் காட்டின் மேல்விளிம்பை வெட்டியும் எரித்தும் புல்வெளியைக் கீழ்நோக்கிப் பெருக்கினர். பல பள்ளத்தாக்குகளில் காட்டின் எல்லை, இயற்கை வகுத்த இடத்திலிருந்து இருநூறு மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. மிக மேலே வாழ்ந்த செம்ப்ராவே இதனால் மிகுதியாக இழந்தது.

பின்னர்ச் சுரங்கங்கள் வந்தன. சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில் எங்கடின் என்னும் நெடிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் கிளையாகிய ஷ்சார்ல் பள்ளத்தாக்கில் இடைக்காலம் தொட்டு வெள்ளியும் ஈயமும் தோண்டப்பட்டன. தாதுவை உருக்க விறகு வேண்டும். சுரங்கத்தைத் தாங்க உத்தரம் வேண்டும். இரண்டையும் சுற்றியிருந்த காடே தந்தது. எங்கடின் வழியே ஓடும் இன் ஆற்றில் மரங்களை வெட்டி மிதக்கவிட்டு, கீழே டிரோல் நாட்டின் ஹால் நகரத்துக்கு அனுப்பினர். அங்கே உப்பு நீரைக் காய்ச்சும் கொப்பரைகள் இடைவிடாமல் எரிந்தன.

செம்ப்ரா மரத்தின் நற்பண்புகளே அதற்குப் பகையாக முடிந்தன என்றும் சொல்லலாம். அதன் கட்டை மென்மையானது, சிவந்த சாயலுடையது, அறுத்துப் பல ஆண்டுகள் ஆனபின்னும் நறுமணம் மாறாதது. மலைநாட்டு மக்கள் வீட்டின் நடுவறைக்கு அதன் பலகைகளைச் சுவரிலும் கூரையிலும் பதித்தனர். துணிப்பெட்டி, தொட்டில், கட்டில் எல்லாம் அதிலே செய்தனர். இன்று இத்தாலியைச் சேர்ந்த கார்தேனாப் பள்ளத்தாக்கில் 17-ஆம் நூற்றாண்டு முதல் மரச்சிற்பத் தொழில் ஓங்கி வளர்ந்தது. தேவாலயத்துப் புனிதர்களின் உருவங்களும் குழந்தைகளின் பொம்மைகளும் பெரும்பாலும் செம்ப்ராக் கட்டையிலேயே செதுக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளில் மார்பளவே வளரும் மரத்தை இந்த வேகத்தில் வெட்டினால் காடு எவ்வாறு நிலைக்கும்?

காடு குறைந்ததன் விளைவை மலை தானே அறிவித்தது. செங்குத்தான சரிவில் மரங்கள் இருக்கும்வரை, பொழியும் பனியை அவற்றின் தண்டுகள் தடுத்து நிறுத்துகின்றன. மரங்கள் நீங்கினால் பனி ஒரே பாளமாகத் திரண்டு, சிறு அசைவிலும் பெயர்ந்து, கீழேயுள்ள ஊரின்மேல் விழுகிறது. பனிச்சரிவு எனப்படுவது இதுவே. மலைமக்கள் இதனை அறியாதவர் அல்லர். ஆண்டர்மாட் ஊருக்கு மேலேயுள்ள காட்டைத் தொடலாகாது என்று உர்செரன் பள்ளத்தாக்கு மக்கள் 1397-லேயே பட்டயம் எழுதி வைத்தனர். அக்காடு பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் வேறோர் ஊசியிலை மரத்தால் ஆனது. ஆனால் அப்பட்டயத்தின் கருத்து எல்லா மலைக்காடுகளுக்கும் பொருந்தும். தம் தலைக்குமேல் நிற்கும் காடே தம் உயிர்க்காவல் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். எனினும் ஓரூர் அறிந்ததை ஒரு நாடு சட்டமாக்குவதற்கு ஐந்நூறு ஆண்டுகள் சென்றன. 1868-இல் சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளைப் பெருவெள்ளம் அழித்தது. அதன்பின் 1876-இல் கூட்டாட்சி அரசு காட்டுச் சட்டம் இயற்றியது. உயர்மலைக் காடுகளின் பரப்பு இனிக் குறையலாகாது என்பது அதன் சாரம்.

வெட்டுவதை நிறுத்தியாயிற்று. அழிந்த காட்டை மீண்டும் வளர்ப்பது எப்படி? இவ்வினா எழுந்தபோதுதான் காட்டு அதிகாரிகளின் கண்ணில் ஒரு குற்றவாளி தென்பட்டான்.

செம்ப்ராவின் விதை விந்தையானது. பைன் மரங்களுள் பெரும்பாலானவற்றின் விதைக்கு மெல்லிய சிறகு உண்டு. காற்று அதனைத் தூக்கிச் செல்லும். செம்ப்ராவின் விதைக்குச் சிறகில்லை. சிறிய வேர்க்கடலைப் பருப்பின் அளவும் கனமும் உடையது. கெட்டியான ஓடு கொண்டது. எண்ணெய்ச் சத்து நிறைந்தது. நம் நாட்டில் கின்னௌர்ப் பகுதியிலிருந்து கடைகளுக்கு வரும் சில்கோசாப் பருப்பை அறிந்தவர்கள் இதனையும் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். மற்றைப் பைன்களின் காய் மரத்திலேயே விரிந்து விதையை உதிர்க்கும். இதன் காயோ விரிவதில்லை. மூடியபடியே தாய்மரத்தின் அடியில் விழுந்து கிடக்கும். நிறைந்த விளைச்சலும் ஆண்டுதோறும் கிடைப்பதன்று. பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும்.

அவ்வாறு அரிதாக விளையும் விதையை, காய் முதிர்ந்த உடனே ஒரு பறவை கொள்ளையிடுகிறது. பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகள் தெளித்தாற் போன்ற தோற்றமும், உளிபோன்ற அலகும் உடையது அது. லின்னேயஸ் 1758-இல் அதனைக் காக்கை இனத்தில் சேர்த்து, கொட்டையை உடைப்பது என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். நாமும் கொட்டையுடைப்பான் என்றே கூறலாம். நம் இமயமலையிலும் இதன் நெருங்கிய உறவினப் பறவை உண்டு. கோடையின் இறுதியில் இது செம்ப்ராவின் காயைப் பறித்து, செதில்களைப் பிளந்து, விதைகளை எடுத்து, நாவின் அடியிலுள்ள பையில் நிரப்பிக்கொண்டு பறக்கிறது. ஒரு தடவையில் பல பத்து விதைகள், சில வேளைகளில் நூறு வரையிலும் கொண்டு செல்லும்.

காட்டு அதிகாரிகள் கணக்குப் பார்த்தனர். மரமோ அரிது, விதையோ அதனினும் அரிது, அவ்விதையையும் இப்பறவை கொண்டுபோய்விடுகிறது. ஆகவே காடு பெருகாமைக்குக் காரணம் இக்கள்வனே என்று தீர்மானித்தனர். கொட்டையுடைப்பானைச் சுட்டு வீழ்த்துவது நற்பணியாகக் கருதப்பட்டது; சுடுவோர்க்குச் சன்மானமும் அளிக்கப்பட்டது. நெடுங்காலம் நடந்த இவ்வேட்டை 1960-ஆம் ஆண்டுகள் வரையிலும் தொடர்ந்தது. அவ்வதிகாரிகள் கொடியவர் அல்லர், காட்டின்மீது அன்புடையவர்கள். கண்ணால் கண்டதையே அவர்கள் கணக்கில் எழுதினர். ஆனால் பறவை எடுத்துச் சென்றதை மட்டுமே அவர்கள் கண்டனர். எடுத்துச் சென்ற விதையை அது என்ன செய்தது என்பதைத் தொடர்ந்து சென்று பார்த்தவர் சிலரே.

பார்த்தவர்கள் கூறியது வேறு வகையானது. சுவீடனில் இதே பறவை ஹேசல் கொட்டைகளைப் புதைத்து வைப்பதை ஸ்வான்பெர்க் என்பவர் ஆராய்ந்து 1951-இல் எழுதினார். மாரிக்காலத்தில் ஆழ்ந்த பனியைத் துளைத்துக்கொண்டு அது தன் புதையலை நேரே சென்று எடுத்தது. தேடிய இடங்களில் ஐந்தில் நான்கு பங்கில் தவறாமல் கொட்டை கிடைத்தது என்பது அவர் கண்ட உண்மை. மேல் எங்கடினில் ஹோல்ட்மையர் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்பறவைக்கும் மரவரம்புக் காட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்டார். பின்னர் மாத்தெஸ் என்பவர் அதே பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் தங்கி, 1978-இல் விரிவான நூல் ஒன்று எழுதினார். ஒரு பறவை ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் விதைகளைப் பல்லாயிரம் இடங்களில், இடத்துக்குச் சில விதைகளாகப் புதைத்து வைக்கிறது என்று அவர் கணக்கிட்டார். அவற்றுள் பெரும்பகுதியைத் தானும் தின்று, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. எஞ்சிய பகுதி மண்ணிலேயே கிடந்து முளைக்கிறது. செம்ப்ராக் கன்றுகள் பல இடங்களில் மூன்றும் நான்குமாக ஒரே குழியிலிருந்து கிளம்பி நிற்பதன் காரணம் இப்போது விளங்கியது. காற்று விதைத்தால் அவ்வாறு கொத்தாக முளைப்பதில்லை.

காக்கை தன் உணவை மறைக்காது, இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் என்று நம் முன்னோர் அதனைப் பாராட்டினர். அதன் உறவாகிய இப்பறவையோ மறைத்து வைக்கிறது. ஆயினும் அம்மறைப்பினால் பிழைப்பது ஒரு காடு. நம் ஊர்க் கோபுரங்களின் இடுக்கில் பறவையின் எச்சத்தால் ஆலும் அரசும் முளைப்பதைக் கண்டிருக்கிறோம். அங்கே பறவை தான் அறியாமலே விதைக்கிறது. கொட்டையுடைப்பான் அப்படியன்று, இடம் தேர்ந்து, மண்ணைக் கிளறி, விதையை இட்டு மூடுகிறது. உழவன் செய்யும் வேலையை ஒத்தது அது.

இடத்தைத் தேர்வதிலேதான் அதன் திறமை முழுவதும் இருக்கிறது. இதனை மனிதன் உணர்வதற்கு ஒரு பெருந்துன்பம் நேர வேண்டியிருந்தது. 1950-51-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையெங்கும் கொடிய பனிச்சரிவுகள் நிகழ்ந்தன. சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் மாண்டனர். ஆஸ்திரியாவில் இறந்தோர் தொகை நூற்றைக் கடந்தது. எஃகு வேலிகளும் கற்சுவர்களும் எழுப்புவதோடு, இழந்த மேற்காட்டை மீண்டும் உண்டாக்க வேண்டும் என்ற உறுதி இரு நாடுகளிலும் பிறந்தது. ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல் என்ற மலையூரில் அறிஞர்கள் கூடி, மரவரம்பில் கன்று எவ்வாறு மூச்சு விடுகிறது, எவ்வாறு நீரிழந்து வாடுகிறது என்று அளந்தனர். செம்ப்ராவின் வேரோடு சிலவகைக் காளான்கள் பிணைந்து வாழ்கின்றன. அக்காளான் இல்லாத மண்ணில் கன்று தேறுவதில்லை. இதனை அறிந்த மோசர் என்னும் காளான் நூலறிஞர், நாற்றங்காலிலேயே கன்றின் வேருக்கு அதனை ஊட்டும் முறையை வகுத்தார்.

சுவிட்சர்லாந்தில் தாவோஸ் நகருக்கு அருகே ஸ்டில்பெர்க் என்னும் சரிவில் 1975-இல் பெரியதோர் ஆராய்ச்சி தொடங்கியது. 2,000 மீட்டருக்கும் 2,200 மீட்டருக்கும் இடைப்பட்ட அச்சரிவு முழுவதையும் கட்டம் கட்டமாக வகுத்து, செம்ப்ரா, மலைப்பைன், லார்ச் ஆகிய மூவகை மரங்களில் 92,000 கன்றுகளை நட்டனர். மேடும் பள்ளமும் பாராமல் எங்கும் நட்டால்தான் எவ்விடம் எதற்கு ஏற்றது என்பது தெரியும் என்பது அவர்களின் கருத்து. முதற் சில ஆண்டுகள் கன்றுகள் செழித்தன. பிறகு செம்ப்ராக் கன்றுகள் கூட்டம் கூட்டமாக மாளத் தொடங்கின. முப்பது ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது லார்ச் பெரும்பாலும் பிழைத்திருந்தது. செம்ப்ராவில் எஞ்சியவை மிகச் சிலவே. காரணம், பள்ளங்களில் பனி நெடுநாள் தங்குகிறது. பனியின் அடியில் வாழும் ஒருவகைப் பூஞ்சை, அங்கு அமிழ்ந்து கிடக்கும் செம்ப்ராவின் ஊசிகளைத் தின்று கன்றைக் கொன்றுவிடுகிறது. காற்று பனியை அடித்துச் செல்லும் முகடுகளிலும் பாறை விளிம்புகளிலும் பனி விரைவில் கரைவதால், அங்கே கன்றுக்கு உயிர்வாழ வழியுண்டு.

கொட்டையுடைப்பான் விரும்பிப் புதைக்கும் இடங்களுள் முகடும் பாறை விளிம்பும் முதன்மையானவை! மாரியில் தன் புதையலை எளிதில் அடைய வேண்டும் என்பதற்காகவே பனி குறைந்த இடத்தை அது நாடுகிறது. தன் வயிற்றுக்காகச் செய்த அச்செயல், மரத்தின் வாழ்வுக்கும் ஏற்றதாய் அமைந்துவிடுகிறது. பெரும்பொருள் செலவிட்டு மனிதன் கற்ற பாடம், சன்மானத்துக்காகச் சுடப்பட்ட பறவையின் அன்றாட வழக்கமாக இருந்திருக்கிறது.

தீர்ப்பு மாறியது. கொட்டையுடைப்பான் இன்று சுவிட்சர்லாந்தில் காக்கப்படும் பறவை. 1914-இல் எங்கடினில் நிறுவப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்கா இப்பறவையின் உருவத்தையே தன் இலச்சினையாகக் கொண்டிருக்கிறது. அப்பூங்கா வெளியிடும் இதழின் பெயர் கிராட்ச்லா. அம்மலைமக்களின் ரோமான்ஷ் மொழியில் கொட்டையுடைப்பானுக்கு அதுவே பெயர்.

அந்த ரோமான்ஷ் மொழிக்கும் செம்ப்ராவுக்கும் ஓர் உறவு உண்டு. வெள்ளிச் சுரங்கம் இருந்ததாக முன்னர்க் கூறிய ஷ்சார்ல் பள்ளத்தாக்கின் கோடியில், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம் வரை பரந்து, தமங்கூர் என்னும் செம்ப்ராக் காடு நிற்கிறது. வேறு மரம் கலவாத செம்ப்ராக் காடுகளுள் ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ளது அது என்பர். சுரங்கத்தின் கோடரிக்கும் இடையரின் நெருப்புக்கும் தப்பி நின்ற அக்காட்டைக் கண்டு, பெய்தர் லான்சல் என்ற ரோமான்ஷ் கவிஞர் தம் மொழியின் நிலையை நினைத்துப் பாடினார். நாற்புறமும் பெருமொழிகள் நெருக்க, மலைமூலையில் வாழும் சிறுமொழிக்குத் தமங்கூர் உவமையாயிற்று. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் சுவிஸ் மக்கள் வாக்களித்து ரோமான்ஷைத் தம் நாட்டின் நான்காம் தேசிய மொழியாக ஏற்றனர். பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் அதற்குக் கிடைத்தன. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதனைத் தம் முதன்மை மொழியாகக் கூறியோர் முப்பத்தையாயிரத்துக்குச் சற்று மிகுதியானவரே. மொழிப்பற்று என்ன என்பதை அறிந்த நமக்கு, ஒரு மலைச்சாதியினர் தம் மொழிக்கு உவமை தேடியபோது மரவரம்பில் நிற்கும் இம்மரத்தைத் தேர்ந்தது ஏன் என்பது சொல்லாமலே புரியும்.

இப்பொழுது செம்ப்ராவின் வாழ்வில் புதிய அதிகாரம் ஒன்று தொடங்கியிருக்கிறது. உயர்மலை மேய்ச்சல் பல இடங்களில் கைவிடப்பட்டு, பழைய புல்வெளிகளில் கன்றுகள் தோன்றுகின்றன. உலகின் வெப்பமும் ஏறிவருகிறது. மரவரம்பு மேலே செல்ல இடமுண்டாகிறது. ஆனால் கீழிருந்து ஸ்ப்ரூஸ் முதலிய விரைந்து வளரும் மரங்களும் தொடர்ந்து ஏறி வருகின்றன. நிழலிலும் நெருக்கத்திலும் அவற்றோடு போட்டியிட்டு வெல்லும் ஆற்றல் செம்ப்ராவுக்கு இல்லை. மற்றவை வாழ முடியாத இடத்தில் வாழ்வதே அதன் வலிமை. ஆகவே அது மேன்மேலும் உயரத்துக்குச் சென்றாக வேண்டும். சிறகில்லாத விதை தானே மலையேறாது. அதனை ஏற்றிச் செல்லத்தக்க துணை, அன்று நாம் கள்வன் என்று சுட்ட பறவையே.

நூறு விதையை ஒருவன் எடுத்துச் சென்றால் நூறு விதை குறைந்தது என்பது கணக்கு. அக்கணக்கில் பிழையில்லை, ஆனால் அது முடிவடையாத கணக்கு. மறுபக்கத்தில் எழுத வேண்டிய வரவு, முப்பது ஆண்டுகள் கழித்து மார்பளவுக் கன்றாக முகட்டில் தோன்றுகிறது. அதுவரை பொறுத்திருந்து பார்ப்பவர்க்கே காட்டின் வரலாறு புலப்படும். தமங்கூர்க் காட்டின் மேல்விளிம்பில், எந்தக் கை நட்டது என்று யாரும் அறியாத செம்ப்ராக் கன்றுகள், பாறையிடுக்குகளில் மூன்றும் நான்குமாக இன்றும் முளைத்துக்கொண்டிருக்கின்றன.